பெயர்த்தகடும் பொறியமைவும்: பழைய சலவை இயந்திரங்களையும் துணி உலர்த்திகளையும் அடையாளங்கண்டு பட்டியலிடுதல்

முன்னுரை

வீட்டு வேலையின் வரலாறு எழுத்தில் அரிதாகவே பதிவு பெற்றுள்ளது. துணி வெளுத்தோர் தம் உழைப்பைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தவர் அல்லர். சங்கப் பாடல்களில் ஆடைக்குப் பசை தோய்த்து அலசும் புலைத்தி வந்து செல்கின்றாள். அவள் கையாண்ட கருவிகளை நாம் கண்டதில்லை. சிங்கப்பூரில் இந்தியச் சலவைத் தொழிலாளர் ஓடையோரம் துணி வெளுத்த இடம் இன்று டோபி காட் என்னும் பெயரளவில் எஞ்சியுள்ளது. மேலைநாடுகளில் நிலைமை சற்று வேறானது. அங்கு 19, 20ஆம் நூற்றாண்டுகளில் உருவான சலவை இயந்திரங்களும் உலர்த்திகளும் அருங்காட்சியகங்களிலும் தனியார் தொகுப்புகளிலும் கணிசமான அளவில் எஞ்சி நிற்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஈட்டன் நகரில் லீ மேக்ஸ்வெல் என்பார் திரட்டிய தொகுப்பில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் இடம்பெற்றன.

ஒரு பொருள் எஞ்சியிருப்பதனால் மட்டும் அது வரலாற்றுச் சான்றாகி விடுவதில்லை. அது யாரால், எப்பொழுது, எம்முறையில் செய்யப்பட்டது என்பது தெளிவான பின்னரே அதனைக் கொண்டு ஒன்றை நிறுவ இயலும். பழைய சலவை இயந்திரங்களைப் பொறுத்தவரை இத்தெளிவு எளிதில் கிட்டுவதன்று. முகப்பில் காணப்படும் பெயர், இயந்திரத்தைச் செய்த ஆலை, உள்ளிருக்கும் பொறியமைவு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று வேறுபட்டு நிற்பதே இதற்குக் காரணம். இம்மூன்றையும் தனித்தனியே பதிவு செய்யும் பட்டியலே நம்பத்தக்கது என்பதும், அவ்வாறு பதிவு செய்யும்போது பொது அறிவு நூல்களில் வழங்கும் 'கண்டுபிடித்தவர்' கதைகள் பல நிலைகுலைகின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வழங்கிய வீட்டு உபயோக இயந்திரங்களே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முகப்புப் பெயரும் உற்பத்தியாளரும்

பட்டியலிடுவோர் முதலில் காண்பது முகப்புப் பெயரையே. எனினும் அப்பெயர் பெரும்பாலும் இயந்திரத்தை விற்றவரையே சுட்டுகின்றது. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு கென்மோர் என்னும் பெயராகும். இது சியர்ஸ் என்னும் அமெரிக்க வணிக நிறுவனத்தின் விற்பனைப் பெயர். 1927இல் முதன்முதலாகச் சலவை இயந்திரத்திற்கு இடப்பட்டது. சியர்ஸ் இவ்வியந்திரங்களைத் தானே செய்யவில்லை. பிற ஆலைகளிடமிருந்து பெற்று விற்றது. பிற்காலக் கென்மோர் இயந்திரங்களின் மாதிரி எண்ணில் புள்ளிக்கு முன்னுள்ள மூன்று இலக்கங்கள் உற்பத்தியாளரைக் குறிக்கும். 110 எனத் தொடங்கினால் அது வேர்ல்பூல் நிறுவனத்தின் தயாரிப்பு. 417 எனத் தொடங்கினால் பிரிஜிடேர் வழிவந்தது. 796 எனில் எல்ஜி நிறுவனத்தினுடையது. ஆகவே, 'கென்மோர்' என்று மட்டும் எழுதி நிறுத்தும் பதிவு, மூன்று வெவ்வேறு ஆலைகளின் பொருள்களை ஒன்றாகக் கலந்து விடுகின்றது.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. ஒரே ஆலையின் ஒரே பொறியமைவு இரு பெயர்களில் வெளிவருவது அது. 1911இல் அப்டன் மெஷின் கம்பெனியாகத் தோன்றிய நிறுவனம் 1929இல் நைன்டீன் ஹண்ட்ரட் என்னும் நிறுவனத்துடன் இணைந்தது; 1950இல் வேர்ல்பூல் கார்ப்பரேஷன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இந்நிறுவனம் உருவாக்கிய தானியங்கிச் சலவை இயந்திரம் 1947இல் கென்மோர் என்னும் பெயரிலும், அடுத்த ஆண்டில் வேர்ல்பூல் என்னும் பெயரிலும் விற்பனைக்கு வந்தது. பெயரைக் கொண்டு பிரித்தால் இவை இரண்டு; பொறியமைவைக் கொண்டு நோக்கினால் உடன்பிறந்தவை. மேலும், தகட்டில் நைன்டீன் ஹண்ட்ரட் கார்ப்பரேஷன் எனக் காணப்பட்டால், அத்தகடு 1950ஆம் ஆண்டின் பெயர் மாற்றத்திற்கு முற்பட்ட வழக்கைக் காட்டுகின்றது என்றும் கொள்ளலாம்.

பென்டிக்ஸ் என்னும் பெயரும் இவ்வகையில் கருதத்தக்கது. 1937இல் அமெரிக்காவில் அறிமுகமான பென்டிக்ஸ் இயந்திரம் வீட்டு உபயோகத் தானியங்கிகளுள் முன்னோடியாகும். வானூர்தி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற பென்டிக்ஸ் நிறுவனம் இம்முயற்சியில் ஒரு பங்கினைப் பெற்றுக்கொண்டு தன் பெயரை வழங்கியது. பின்னர் 1950இல் ஆவ்கோ நிறுவனத்திடமும், 1956இல் பில்கோ நிறுவனத்திடமும் இச்சலவை இயந்திரத் தொழில் கைமாறியது. பெயர் நிலைத்திருக்க, உரிமை மாறியது. பிரிட்டனில் ஜான் புளூம் என்பார் 1950களின் இறுதியில் நாளிதழ் விளம்பரங்களின் வழியே நேரடியாக விற்ற இரட்டைத் தொட்டி இயந்திரங்கள் ரோல்ஸ் ரேசர் என்னும் பெயரைத் தாங்கின. முகம் மழிக்கும் கருவி செய்துவந்த நிறுவனத்தின் பெயர் அது. 1964இல் அந்நிறுவனம் வீழ்ச்சியுற்றது. ஹூவர் என்னும் பெயரோ 1995இல் ஐரோப்பியப் பிரிவு கேண்டி நிறுவனத்திற்கு விற்கப்பட்ட பின்னர், அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் வெவ்வேறு உரிமையாளர்க்கு உரியதாயிற்று.

இவற்றால் பெறப்படுவது ஒன்று: வணிகப்பெயர், உற்பத்தியாளர், உரிமையாளர் ஆகிய மூன்றுக்கும் பட்டியலில் தனித்தனி இடம் வேண்டும்.

பொறியமைவின் வழி வகைப்படுத்தல்

பெயர் நிலையற்றது எனில், வகைப்படுத்துவதற்கு உறுதியான அடிப்படை யாது? துணியின் மீது நீரையும் விசையையும் செலுத்தும் முறையே அவ்வடிப்படை என நாம் கருதுகின்றோம். அம்முறையில் வீட்டுச் சலவை இயந்திரங்களைப் பின்வரும் ஐந்து வகைகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, முளைவகை. மூடியிலிருந்து தொங்கும் கட்டை முளைகள் முன்னும் பின்னும் திரும்பித் துணியை அலைக்கும். மரத்தொட்டி இயந்திரங்கள் பல இவ்வகையின. இரண்டாவது, உறிஞ்சு கிண்ண வகை. கவிழ்த்த உலோகக் கிண்ணங்கள் மேலும் கீழும் இயங்கி, நீரைத் துணியின் ஊடே உறிஞ்சித் தள்ளும். சிரக்யூஸ் நகரின் ஈஸி இயந்திரங்கள் இதற்குச் சான்று. மூன்றாவது, உருளை வகை. துளையிட்ட உருளைக்குள் துணி புரண்டு விழும். நான்காவது, கலக்கி வகை. தொட்டியின் நடுவே நிற்கும் துடுப்புத்தண்டு வலமும் இடமுமாக அசையும். அயோவா மாநிலத்து நியூட்டன் நகரில் மேடாக் நிறுவனம் 1922இல் வெளியிட்ட கைரபோம் இயந்திரம் இவ்வகையைப் பெருவழக்காக்கியது. ஐந்தாவது, சுழல்தட்டு வகை. தொட்டியின் பக்கத்திலோ அடியிலோ அமைந்த சிறு தட்டு விரைந்து சுழன்று நீரைச் சுழிக்கச் செய்யும். 1948இல் வேல்சு நாட்டு மெர்தர் டிட்வில் நகரில் திறக்கப்பட்ட ஹூவர் ஆலையின் 0307 மாதிரி இவ்வகையினது. தொட்டியின் பக்கச் சுவரில் சுழல்தட்டும், மேலே கையால் சுற்றும் பிழியுருளையும் அமைந்தது அது.

இப்பகுப்பின் பயன், பெயர்த்தகடு தொலைந்த இயந்திரத்தையும் மூடியைத் திறந்து பார்த்த அளவில் ஒரு வகையுள் அடக்க முடிகின்றது என்பதாகும். ஆனால், ஒரு வகை தோன்றியவுடன் மற்றொன்று மறைந்து விடுவதில்லை. உருளை வகை மிகப் பழையது. 1782இல் ஹென்றி சிட்ஜியர் என்பார் பெற்ற ஆங்கிலேயக் காப்புரிமையிலேயே அது இடம்பெற்றுள்ளது. அதே வகைதான் 1937இன் பென்டிக்ஸ் தானியங்கியிலும் மீண்டும் வந்தது. ஆகவே, வகை என்பது காலத்தைச் சுட்டும் குறியன்று. பொறியமைவின் உறவைச் சுட்டும் குறியே என்பதை மனங்கொள்ள வேண்டும்.

'உலர்த்தி' என்னும் சொல்லின் இடர்ப்பாடு

உலர்த்திகளைப் பட்டியலிடும்போது மற்றொரு குழப்பம் எழுகின்றது. ஆங்கிலத்தில் டிரையர் என்னும் ஒரே சொல் மூன்று வேறுபட்ட கருவிகளைச் சுட்டி நிற்கின்றது. தமிழிலும் அவை மூன்றையும் 'உலர்த்தி' என மொழிபெயர்ப்பின் குழப்பம் அப்படியே தொடரும்.

ஒன்று, விரைந்து சுழலும் கூடையின் மையவிலக்கு விசையால் நீரை வெளியேற்றும் கருவி. இதில் வெப்பம் இன்றியமையாததன்று. துணி ஈரப்பதத்துடனேயே வெளிவரும். 1957இல் வெளிவந்த ஹூவர்மேட்டிக் இரட்டைத் தொட்டி இயந்திரத்தின் இரண்டாம் தொட்டி இத்தகையது. இதனைச் 'சுழல்பிழிவி' எனலாம். மற்றொன்று, துணியை அசையாது தொங்கவிட்டு, கீழிருந்து வெப்பமூட்டும் பேழை. 1950களில் பிரிட்டனில் பரவலாக வழங்கிய பிளாட்லி இத்தகையது. இதனை 'உலர்பேழை' எனலாம். மூன்றாவதே, வெப்பக் காற்று புகும் உருளைக்குள் துணியைப் புரட்டி உலர்த்துவது. இதனை 'உருட்டுலர்த்தி' எனலாம். பட்டியலில் இம்மூன்றையும் மூன்று சொற்களால் பிரிப்பது கலைச்சொல்லாக்கத்தின் பொருட்டு மட்டுமன்று. வரலாற்றுப் பிழையைத் தவிர்க்கவும் அது வேண்டப்படுகின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

உருட்டுலர்த்தியைப் பதிவு செய்யும்போது வெப்பம் மின்சாரத்தாலா எரிவாயுவாலா என்பதும், ஈரக்காற்று குழாய் வழியே வெளியேறுகின்றதா, உள்ளேயே குளிர்ந்து நீராக மாறுகின்றதா என்பதும் குறிக்கப்பெற வேண்டும். வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஜே. ராஸ் மூர் என்பார் வகுத்த அமைப்பைக் கொண்டு, விஸ்கான்சின் மாநிலத்து ஹாமில்டன் நிறுவனம் 1938இல் ஜூன் டே என்னும் பெயரில் உருட்டுலர்த்தியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் கதவில் கண்ணாடிச் சாளரம் அமைய வழிகாட்டியவர் வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். உள்ளே துணி புரள்வதைக் காணச் செய்த அச்சாளரம் உலர்த்தும் செயலுக்குத் தேவையற்றது, விற்பனைக்குத் தேவையாயிற்று.

காலத்தைக் கணித்தல்

கல்வெட்டில் ஆண்டு காணப்படாதபோது எழுத்தமைதியையும் மெய்க்கீர்த்தியையும் கொண்டு காலத்தின் எல்லைகளை வகுப்பது போன்று, இயந்திரத்திலும் முன்னெல்லை, பின்னெல்லை ஆகிய இரண்டையும் வகுத்தல் வேண்டும். முன்னெல்லை என்பது இதற்கு முன் செய்யப்பட்டிருக்க இயலாது என்னும் ஆண்டு. அதனை அறியப் பெரிதும் உதவுவன தகட்டில் பொறித்த காப்புரிமை எண்கள்.

அமெரிக்கக் காப்புரிமைகள் 1836ஆம் ஆண்டு முதல் தொடர் எண் பெற்று வருகின்றன. 1910ஆம் ஆண்டின் முதல் எண் 945,010. 1940இன் முதல் எண் 2,185,170. 1950இன் முதல் எண் 2,492,944. ஆகவே, ஒரு தகட்டில் பல எண்கள் காணப்படின், அவற்றுள் பெரிய எண் வழங்கப்பட்ட ஆண்டே அத்தகட்டின் முன்னெல்லையாகும். அவ்வெண்ணைக் கொண்டே இயந்திரம் அவ்வாண்டில் செய்யப்பட்டது எனக் கூறுதல் பொருந்தாது. காப்புரிமை பெற்ற பின்னரும் பல்லாண்டுகள் அதே தகடு பயன்படலாம். பிரிட்டனின் காப்புரிமைகள் 1915 வரை ஆண்டுதோறும் புதிதாக எண்ணப்பட்டன. 1916 முதல் 100,001 எனத் தொடங்கித் தொடர் எண் வழங்கப்பட்டது. எனவே, பழைய பிரிட்டானிய எண்ணை ஆண்டின்றிக் குறித்தால் அதனால் பயனில்லை.

முகவரியும் காலங்காட்டும். அமெரிக்க முகவரியில் ஐந்திலக்க அஞ்சல் குறியீடு காணப்படின் அது 1963க்கு முற்பட்டதாகாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வீட்டுச் சலவை இயந்திர உற்பத்தி 1942இல் நிறுத்தப்பட்டது. ஆகவே 1943 அல்லது 1944 எனக் கணிக்கப்பட்ட ஓர் இயந்திரத்தை ஐயுற்று நோக்குதல் தகும்.

ஆற்றல் மூலத்தைக் கொண்டு காலங்கணிப்பதில் விழிப்பு வேண்டும். கையால் சுற்றுவது பழையது, பெட்ரோல் எஞ்சின் இடைக்காலத்தது, மின்விசை புதியது எனப் படிநிலை வகுப்பது இயல்பாகத் தோன்றும். உண்மை அதுவன்று. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்க நகர மக்களுள் பெரும்பாலோர் மின்சாரம் பெற்றிருக்க, பண்ணை வீடுகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே மின்னிணைப்புப் பெற்றிருந்தது. கிராமப்புற மின்மயத்திற்கான அரசு அமைப்பு 1935இல்தான் தோன்றியது. அதனால் மேடாக் நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய இயந்திரங்களை 1930களிலும் தொடர்ந்து விற்றது. இங்கு எஞ்சின் காட்டுவது காலத்தையன்று. வாங்கியவர் வாழ்ந்த இடத்தையே. மேலும், மோட்டாரும் பிழியுருளையும் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். மோட்டாரின் தகட்டு ஆண்டை இயந்திரத்தின் ஆண்டாக ஏற்றல் கூடாது.

'முதலில் கண்டுபிடித்தவர் யார்?'

பள்ளி வினாடி வினாக்களிலும் பொது அறிவுத் தொகுப்புகளிலும் மின் சலவை இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஆல்வா ஜே. ஃபிஷர் எனக் கூறப்படுவதைக் காணலாம். சிகாகோ நகரின் ஹர்லி மெஷின் கம்பெனி தோர் என்னும் பெயரில் விற்ற இயந்திரத்துடன் தொடர்புடையவர் இவர். 1910 ஆகஸ்டு 9ஆம் நாள் இவர் பெற்ற காப்புரிமையின் எண் 966,677. ஆயின், அதற்கு முந்தைய ஆண்டிலேயே 921,195 என்னும் எண்ணில் உட்ரோ என்பார் மின் சலவை இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றுள்ளார். அவ்விருவருக்கும் முன்னரே, 1904 அளவில் மின் சலவை இயந்திரங்கள் அமெரிக்க நாளிதழ்களில் விளம்பரம் செய்யப்பட்டன. ஃபிஷரின் பங்கு மறுக்கத்தக்கதன்று. அவரை முதல்வராக்குவதே சான்றுக்கு முரணானது. எண்களை வரிசைப்படுத்தும் எளிய செயலே இக்கூற்றை மறுக்கப் போதுமானது.

உருட்டுலர்த்தியைப் பற்றிய கூற்றும் இத்தகையதே. ஜார்ஜ் டி. சாம்ப்சன் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கர் 1892 ஜூன் 7ஆம் நாள் 476,416 என்னும் எண்ணில் துணி உலர்த்திக்குக் காப்புரிமை பெற்றார். அதனைக் கொண்டு இவரே உருட்டுலர்த்தியின் தந்தை எனப் பலர் எழுதுவர். காப்புரிமையின் விளக்கத்தை நோக்கினால், அவர் அமைத்தது அடுப்பின் அருகே துணிகளைத் தொங்கவிடும் சட்டமாகும். சுழலும் உருளை அதில் இல்லை. முற்கூறிய பகுப்பின்படி அது உலர்பேழையின் இனத்தைச் சார்ந்தது. மாறாக, 1800 அளவில் பிரான்சின் போஷோன் என்பார் அமைத்த, தீயின் மேல் கையால் சுழற்றும் துளையிட்ட உருளையே உருட்டுலர்த்திக்கு நெருங்கியதாகும். ஒரு சொல்லின் மூன்று பொருளைப் பிரியாமையால் விளைந்த பிழை இது. சாம்ப்சன் செய்ததை உள்ளவாறு கூறுவதே அவருக்கு நாம் செய்யும் மதிப்பாகும்.

சில இடங்களில் சான்றே அழிந்துள்ளது. 1797இல் நியூ ஹாம்ப்ஷைரைச் சேர்ந்த நத்தானியேல் பிரிக்ஸ் துணி வெளுத்தலுக்குக் காப்புரிமை பெற்றார். 1836 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் மூண்ட தீயில் அதன் விளக்கமும் வரைபடமும் அழிந்தன. அவர் அமைத்த கருவியின் வடிவத்தை ஊகித்து எழுதுதல் பட்டியலாசிரியர் பணியன்று.

பட்டியல் பதிவின் அமைப்பு

மேற்கண்டவற்றின் அடிப்படையில், ஒவ்வோர் இயந்திரத்திற்கும் பின்வரும் கூறுகளை உடைய பதிவினை நாம் பரிந்துரைக்கின்றோம்.

1. முகப்பில் உள்ள வணிகப்பெயர், எழுத்துவடிவம் மாறாமல்.
2. தகட்டில் கூறப்படும் உற்பத்தியாளரும் முகவரியும்.
3. மாதிரி எண், வரிசை எண், காப்புரிமை எண்கள். தெளிவாகப் படிக்க இயலாத இலக்கங்களுக்குப் புள்ளியிடுதல்.
4. துவைக்கும் முறை, பிழியும் முறை, உலர்த்தும் முறை.
5. ஆற்றல் மூலம்; மின்சாரமாயின் மின்னழுத்தமும் அலைவெண்ணும்.
6. தொட்டி, உருளை, உறை ஆகியவற்றின் பொருள்: மரம், செம்பு, துத்தநாகம் பூசிய இரும்பு, எனாமல், பிளாஸ்டிக்.
7. மாற்றப்பட்ட உறுப்புகள், பழுது பார்த்த தடங்கள்.
8. துணைக்கருவிகளும் கையேடுகளும்.
9. காலத்தின் முன்னெல்லை, பின்னெல்லை, அவற்றுக்கான காரணம்.
10. பயன்படுத்தியவர் தரும் வாய்மொழிச் செய்தி.

இவற்றுள் முதல் எட்டும் கண்ணால் கண்டு எழுதுவன. ஒன்பதாவது ஆய்வாளரின் முடிவு. இரண்டையும் கலத்தல் ஆகாது. ஏட்டில் உள்ளதை உள்ளவாறு படியெடுத்துவிட்டுத் தம் திருத்தத்தை அடிக்குறிப்பில் வைக்கும் பதிப்பாசிரியரின் ஒழுக்கமே இங்கும் வேண்டப்படுவது. எட்டாவது கூறும் புறக்கணிக்கத்தக்கதன்று. 1960களின் தொடக்கத்தில் வந்த ஹூவர் கீமேட்டிக் இயந்திரத்தில், விளிம்புகளில் வெட்டுக்கள் கொண்ட பிளாஸ்டிக் தகட்டைச் செருகியே சலவைமுறையைத் தெரிவு செய்தனர். அத்தகடு தொலைந்தால் இயந்திரத்தின் செயல்முறையே விளங்காது. இயந்திரத்தை ஆராயும்போது அதனை மின்னிணைப்பில் செருகிப் பார்த்தல் கூடாது. பழைய ரப்பர் உறையிட்ட கம்பிகள் சிதைந்திருக்கும், வெப்பக் காப்புப் பகுதிகளில் கல்நார் இருத்தலும் கூடும்.

இயந்திரமும் உழைப்பும்

இத்துணை நுணுக்கம் எதற்கு என்னும் வினா எழலாம். இயந்திரம் வந்தது, பெண்களின் சுமை குறைந்தது என்னும் எளிய கதையைச் சோதிப்பதற்கு இதுவே வழி என்பது நம் விடை. இயந்திரத்திற்கு முன்னர் அமெரிக்கத் தென்பகுதியில் துணி வெளுத்தோர் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களே. அட்லாண்டா நகரில் அவர்கள் 1881இல் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் வீட்டு இயந்திரம் பரவியபோது, வெளியே கொடுக்கப்பட்ட சலவை வீட்டுப் பெண்ணிடமே திரும்பியது; தூய்மையைப் பற்றிய எதிர்பார்ப்பும் உயர்ந்தது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்னும் நூலில் இக்கருத்தை நிறுவியுள்ளார்.

இயந்திரங்களின் உடலிலும் இவ்வுழைப்பு பதிந்துள்ளது. பிழியுருளை விரல்களையும் கைகளையும் நசுக்கக்கூடியது. அதன்மேல் அமைந்த அவசர விடுவிப்பு நெம்புகோல் அந்த இடரை ஒப்புக்கொள்ளும் சான்று. முதல் பென்டிக்ஸ் இயந்திரங்கள் அதிர்வால் நகராதிருக்கத் தரையில் திருகிப் பொருத்தப்பட வேண்டியிருந்தது. ஆகவே அதனை வாங்கியவர் தரையைத் துளையிட உரிமையுடையவராகவும் இருத்தல் வேண்டும். இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் ஈரத்துணியை ஒரு தொட்டியிலிருந்து மறுதொட்டிக்குக் கையால் மாற்றியவர் ஒருவர் உண்டு. 'தானியங்கி' என முகப்பில் எழுதியிருப்பினும், எந்த வேலை தானே நிகழ்ந்தது, எது கையால் நிகழ்ந்தது என்பதைப் பொறியமைவே கூறும்.

முடிவுரை

பழைய சலவை இயந்திரத்தின் முகப்புப் பெயர் ஆய்வின் தொடக்கமே, முடிவன்று. பெயர், உற்பத்தியாளர், பொறியமைவு, காலவெல்லை ஆகியவற்றைத் தனித்தனியே பதியும்போது, ஒரு பெயருக்குள் பல ஆலைகளும், பல பெயர்களுக்குள் ஓர் ஆலையும் இருத்தல் புலனாகின்றது. ஃபிஷர், சாம்ப்சன் ஆகியோர் பற்றிய கூற்றுகள் இத்தகைய பதிவின் முன் திருத்தம் பெறுகின்றன. மாணவர்க்கு 'கண்டுபிடித்தவர் யார்?' என்னும் வினாவை விடுத்து, 'இக்காப்புரிமை எதற்கு வழங்கப்பட்டது?' என்னும் வினாவைத் தமிழாசிரியர் முன்வைக்கலாம். சுழல்பிழிவி, உலர்பேழை, உருட்டுலர்த்தி என்னும் சொற்களைப் பாடநூல்களில் வேறுபடுத்தி வழங்கலாம். இயந்திரங்கள் நாள்தோறும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டு வருகின்றன. உடைக்கப்படும் முன்னர், தகட்டில் உள்ள எண்களையேனும் ஒளிப்படமாக எடுத்து வைத்தல் நம்மால் இயலும் பணியாகும்.